மூணாறு துரையின் வண்டி

கனகதாஸ் சாரிடம் நான் பச்சைப் பொய் சொன்னது பேராசையால் இல்லை, கோபத்தால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் காசுக்குப் பறந்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். காசுக்கும் பறந்தேன்தான். அது பிறகு வந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஓணம் கழிந்த வாரம். பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற ரோட்டில் என் ஒர்க்‌ஷாப் இருந்தது. அம்பாசடர், ஜீப், எப்போதாவது ஒரு மெட்டடோர் வேன், இவைதான் எனக்குச் சோறு போட்டன. கனகதாஸ் சார் இருபது வருஷம் கல்ஃபில் கான்ட்ராக்ட் எடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர், எங்கள் சபைக் கமிட்டியில் பெரிய ஆள். ஒரு இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் கொண்டுவந்து என் பெஞ்சின்மேல், ஸ்பேனர்களுக்கு நடுவில் போட்டார். கூரை இல்லாத, இரண்டே இரண்டு பேர் உட்காரும் பச்சை நிற வண்டி. நீண்ட மூக்கு. மூக்கின் நுனியில் 'வின்ட்லி' என்று ஒரு பேட்ஜ். வின்ட்லி கம்பெனியை இங்கிலாந்தில் மூடியே முப்பது வருஷம் ஆகிவிட்டது என்றார். துபாயில் ஒரு வெள்ளைக்காரன் அதை ஓட்டிப் போனதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

"இதுபோல ஒண்ணு எனக்கு வேணும்டே ராபின்சா. கெடைக்குமா?"

"கெடைக்காது சாரே. ஆனா செய்யலாம். பழைய ஹெரால்டு காரு ஒண்ணு வாங்கினா சேஸும் எஞ்சினும் ஆச்சு. மேல பாடிய நம்ம நேசையன் ஃபைபர்ல செஞ்சு தருவான். ரெண்டையும் பக்கத்துல நிறுத்தினா பெத்த கம்பெனிக்கே தெரியாது."

நேசையன் தனுவச்சபுரத்துக்காரன். காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஃபைபர் வள்ளம் செய்யும் ஷெட்டில் பத்து வருஷம் வேலை படித்துவிட்டு, இப்போது வீட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர்த் தொட்டியும் கக்கூஸ் தொட்டியும் செய்து விற்றுக்கொண்டிருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன், எங்கள் சபைதான். எந்த வளைவையும் கண்ணால் பார்த்துக் கையில் கொண்டுவந்துவிடுவான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல கனகதாஸ் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கக்கூஸ் டேங்கு செய்யுதவன் செஞ்ச வண்டியிலயாடே நான் சர்ச்சுக்குப் போவணும்? ஒறிஜினல் உண்டெங்கில் சொல்லு. பாறசாலையில செஞ்ச சாதனத்துக்கு ஆருடே பைசா தருவா?"

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவரையே பாறசாலையில்தானே செய்தார்கள், அதை அவரிடம் கேட்க முடியுமா? கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது.

"அப்பம் ஒறிஜினலே கொண்டு வாறேன் சாரே. மூணாறுல ஒரு எஸ்டேட்டு துரைக்க வண்டி கெடக்குண்ணு கேள்வி. எஞ்சின் போயாச்சு, பாடி மட்டும் கல்லு போல உண்டாம்."

மூணாறு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்கு அன்று சரியாகத் தெரியாது. அவர் முகம் மலர்ந்துபோனது. நேசையன் செய்கிற வண்டிக்கு நான் மனசில் போட்டிருந்த விலையைப்போல இரண்டு மடங்கு சொன்னேன், மறு பேச்சில்லாமல் தலையாட்டினார். கோபம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. பொய்யை மட்டும் இறக்க முடியவில்லை.

நேசையனிடம் மூணாறு கதையைச் சொல்லாமல் வேலையை ஒப்படைத்தேன். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொட்டி செய்து செய்து அலுத்துப்போனவனுக்கு அப்படியொரு ஆசை முகத்தில்.

"அளவு ஒண்ணும் இல்லியே அண்ணா. படம் மட்டும்தானே?"

"படம் மட்டும்தான். முடியுமா, முடியாதா?"

"சக்கரம் பதிமூணு இஞ்சு. அதுல இருந்து பிடிச்சா மத்ததெல்லாம் வந்துரும்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "கூலி அண்ணன் தாறது தந்தா மதி, கூடுதல் வேண்டாம். எனக்க பேரு மட்டும் அதுல எங்கயெங்கிலும் ஒரு மூலையில இருக்கட்டு. நாளைக்கு நாலு பேரு கேட்டா, டேங்கு மட்டுமில்ல, இதும் நான் செஞ்சதாக்கும்ணு காட்டணும்லா."

"பேரு இருக்கும், போடே," என்றேன். சத்தியம் பண்ணவில்லை. ஆனாலும் சொன்னேன் அல்லவா, அது போதாதா?

பதினோரு மாதம் பிடித்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் சார்ப்பு இறக்கிக் கொடுத்தேன். முதலில் பலகையும் பிளாஸ்டரும் வைத்து வண்டியின் உருவத்தைச் செய்தான். அதைத் தேய்த்தான், தேய்த்தான், ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான், எங்கோ ஒரு நூல் அளவு மேடு தட்டும், மறுபடி தண்ணீரும் உப்புத்தாளுமாக உட்காருவான். பிறகு அதிலிருந்து அச்சு எடுத்து, கண்ணாடி நாரும் ரெசினும் மாற்றி மாற்றி அப்பினான். கண்ணாடி நார் கையில் ஏறினால் சொறிந்து சொறிந்து தோல் போய்விடும். அதற்காக முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, மனைவி சுகிர்தபாயின் பழைய சேலையைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்பான். ரெசின் நாற்றம் ரோடு வரை அடித்தது. நான் கீழே ஹெரால்டின் எஞ்சினைப் பிரித்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் நான் செய்தது அவ்வளவுதான்.

பேட்ஜ் வேண்டுமே. சென்னை புதுப்பேட்டையில் ஒரு வார்ப்புக்காரரிடம் படத்தைக் காட்டி, பித்தளையில் ஊற்றிக் குரோம் பூசி வாங்கி வந்தேன். அதை மூக்கில் வைத்து முறுக்கிய அன்றுதான் நேசையன் கேட்டான், தன் பேர் எங்கே வரும் என்று. அன்றுதான் மூணாறு கதையை அவனிடம் சொன்னேன். சார் வண்டியைக் கொண்டுபோய் ஒரு மாதம் கழியட்டும், பிறகு யாருக்கும் தெரியாமல் உள்ளே எழுதித் தருகிறேன் என்றேன். ஆருக்கும் தெரியாமல் இருக்கிற பேர் எனக்கெதுக்கு என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் சொன்னா சரி," என்றான்.

வண்டி கொடுக்கிற வாரம் கனகதாஸ் சாரின் மருமகன் சஜன் லீவில் வந்திருந்தார். சார்ஜாவில் படகு கட்டும் யார்டு ஒன்றில் மேனேஜர். சனிக்கிழமை காலை மாமனாரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர், பேட்ஜைப் பார்க்கவில்லை, பெயின்டைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து மட்கார்டின் அடியில் கையை விட்டுத் தடவினார். அந்த மனிதருக்குத் தொழில் தெரியும்.

"இது கையால நாரு அப்பி லே-அப் செய்ததல்லே? ரொம்ப நல்ல கை. ஆரு செஞ்சது? எங்க யார்டுல மோல்டு மாஸ்டர் இல்லாம ஆறு மாசமா கஷ்டப்படுதோம். ஒரு விசா எனக்க கையில இருக்கு. செவ்வாய்க்கிழம திரும்பணும்."

கனகதாஸ் சார் பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இங்கிலாந்து சாதனமாக்கும் சாரே. மூணாறுல இருந்து வந்தது," என்றேன்.

சஜன் இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். நேசையன் அன்று காலை வேலைக்கு வரவில்லை, அதுவரைக்கும் தப்பித்தேன். ஆனால் ஊரில் எந்தச் செய்தி நிற்கும்? மாதர் சங்கக் கூட்டத்தில் சார்ஜா விசா பேச்சு அடிபட்டிருக்கிறது. சாயங்காலம் நேசையனும் சுகிர்தபாயும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"அண்ணன் ஒரு வார்த்த சொன்னா மதி," என்றாள். "டேங்கு வித்து நாங்க எங்க கரையேற? பிள்ள பத்தாம் கிளாசாச்சு."

"நானே போயி சஜன் சாரிட்ட சொல்லட்டா அண்ணா?" என்றான் நேசையன். "ஆனா அண்ணனுக்க மூணாறு கத கெட்டுப்போவும். அதாக்கும் இஞ்ச வந்தது."

அவன் அப்படிக் கேட்டபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "நீ போவாண்டாம், நான் பாத்துக்கிடுதேன்," என்றேன். "நாளைக்கு ஆராதனையில சாருக்க வண்டிக்கு ஸ்தோத்திரக் காணிக்க உண்டு. சஜன் முன்னாலதான் இருப்பாரு. ஒனக்க பேரு அங்க வரும். போ, நல்ல சட்டையா போட்டுட்டு வா."

எங்கள் சபையில் யாருக்கு என்ன நன்மை நடந்தாலும், பிள்ளை பாஸானாலும், மாடு ஈன்றாலும், காணிக்கைக் கவரோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். போதகர் எல்லோருக்கும் முன்னால் அதை வாசித்து, பேர் சொல்லி ஜெபிப்பார். பேரில்லாமல் காணிக்கை போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் 'பேர் சொல்ல விரும்பாத ஒருவர்' என்று எழுதுவார்கள். அதற்குத்தான் மரியாதை கூடுதல். யாராக இருக்கும் என்று எல்லாத் தலையும் திரும்பும், ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்பது தப்பு.

ஞாயிற்றுக்கிழமை நேசையன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். எப்போதும் வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவன், அன்று பெண்டாட்டி பிள்ளையோடு முன்வரிசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கழுத்தில் எண்ணெய் மினுங்கியது. நான் பின்னால் இருந்து முதல் சீட்டை எழுதினேன்: 'வின்ட்லி கார் பாடியைச் செய்த நேசையன் குடும்பம்.' எழுதி நிமிர்ந்தால், மூன்று பெஞ்ச் தள்ளி கனகதாஸ் சாரின் வழுக்கை. இந்தச் சீட்டு வாசிக்கப்பட்டால் சபை முழுக்க என்னைப் பார்க்கும். ஒரு வருஷமாகக் கமிட்டிக்காரரை ஏமாற்றின ராபின்சன். நாளை எவன் என்னை நம்பி ஒரு சைக்கிளையாவது கொண்டுவந்து நிறுத்துவான்? சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

இரண்டாவது சீட்டில் எழுதினேன்: 'வின்ட்லி காரின் பாடி வேலை செய்த, பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரன்.' பக்கவாசல் வழியாகப் போய்க் கவரோடு அதைப் போதகர் கையில் கொடுத்தேன்.

அப்போது அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. கனகதாஸ் சாருக்கு அது பெயின்டும் ஒட்டுப்போடுவதுமாகக் கேட்கும். சஜனுக்கு உள்ளூர்க்காரன் ஒருவன் இருக்கிறான் என்று புரியும், தனியாக வந்து என்னிடம் கேட்பார், காதோடு காதாகச் சொல்லிவிடலாம். நேசையனுக்கும் ஒரு கௌரவம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். மடையன் நான், மடையன்.

போதகர் வாசித்தார். வாசித்துவிட்டு, தன் பேரை மறைத்துத் தேவனுக்கு மகிமை கொடுத்த அந்தச் சகோதரனுக்காக நீளமாக ஜெபித்தார். சபை மொத்தமும் ஆமென் என்றது. தலைகள் திரும்பின. நேசையன் மட்டும் திரும்பவில்லை. தன் பேர் இன்னும் வரப்போகிறது என்று அடுத்த சீட்டுக்காகக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். அடுத்தது யாருடைய மாடோ.

ஆராதனை முடிந்ததும் வண்டிக்கு முன்னால் கூட்டம். போதகர் பானெட்டில் கை வைத்து ஜெபம் பண்ணி முடித்தார். சஜன் அவரிடமே கேட்டார்:

"ஐயா, அந்தப் பேர் சொல்லாத ஆளு ஆரு? எனக்கு அவரக் காணணும்."

போதகர் சிரித்தார். "அவரு விரும்பல்லேண்ணா நாம கேக்கப்பிடாது தம்பி. அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ளது."

"அதும் சரியாக்கும்," என்று சஜன் தலையாட்டினார். பிறகும் மனசு கேட்காமல் என் பக்கம் திரும்பினார். "ராபின்சனண்ணனுக்கு அறியாமா?"

நாலடி தள்ளி நேசையன் நின்றான். சுகிர்தபாய் அவன் முழங்கையை இடிப்பதை நான் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான், என்னைப் பார்த்தான். கனகதாஸ் சாரும் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை. மூன்று எழுத்தா நாலு எழுத்தா, ஒரு பேர். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போதகரு சொன்னதுதான் சாரே," என்றேன். சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து எல்லோருக்கும் எஞ்சினைக் காட்டினேன்.

திங்கட்கிழமை இரண்டு தரம் கனகதாஸ் சாரின் வீட்டுக் கேட் வரை போனேன். இரண்டு தரமும் அவர் முற்றத்தில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை சஜன் விமானம் ஏறிவிட்டார். அந்த விசாவில் கொல்லம் பக்கத்திலிருந்து யாரோ போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நேசையன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, சண்டை போட்டு, இரண்டு பேரும் தீர்ந்திருப்போம். பம்பர் ஒட்டுப்போட ஆள் அனுப்பினால் வருவான், செய்வான், "வாறேன் அண்ணா" என்று போவான். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டில் கனகதாஸ் சார் வண்டியைக் கோவளத்துப் பக்கம் ஒரு ஹோட்டல்காரருக்கு விற்றார். எஞ்சினை ஓட்டிக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார். ஹோட்டல்காரர் பேட்ஜைத் தடவித் தடவிப் பார்த்தார், பாடியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு விலை. வண்டி ரோட்டில் இறங்கி மறைந்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூணாறும் இல்லை, துரையும் இல்லை சாரே, அது நேசையன் செய்தது.

அவர் சிரித்தார். முதல்நாள் சிரித்த அதே சிரிப்பு.

"எடே, வண்டி வாறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். எனக்க வீட்டுல டேங்கு வைக்க வந்தவன், நான் சாய்ஞ்சு இருந்த கசேரியையும் எனக்க காலையும் நூலு போட்டு அளந்துட்டுப் போனான். மூணாறு துரைக்க வண்டிக்கு எனக்க காலு அளவு எதுக்குடே?"

"தெரிஞ்சுமா சாரு ஒண்ணும் மிண்டாம இருந்தீங்க?"

"எனக்கு வேண்டியது முன்னால உள்ள அந்தப் பேரு. அத நீ வச்சுத் தந்தே. பெறகு அடியில ஆரு செஞ்சா எனக்கென்ன? சஜன் கேட்டப்பம் நீ சொல்லுவேண்ணு பாத்தேன், சொல்லல்ல. மறுநாள் அவனே பேரு வேண்டாம்ணு சீட்டு எழுதிக் குடுத்துட்டான். பெறகு நான் எதுக்கு எனக்க வண்டிய நானே கொறச்சுப் பேசணும்?"

அவனே எழுதிக் கொடுத்தானாம். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்குப் பயந்து நான் அந்தப் பேரை விழுங்கினேனோ, அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த மத்தியானமே தனுவச்சபுரத்துக்குப் போனேன். நேசையன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி அச்சின்மேல் ரெசின் அடித்துக்கொண்டிருந்தான். சுகிர்தபாய் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கனகதாஸ் சாருக்கு முதலிலேயே தெரியும் என்றதைச் சொன்னேன். கசக்கிப் போட்ட முதல் சீட்டைப் பற்றியும் சொன்னேன். அவன் பிரஷை நிறுத்தவில்லை. அதைப் பார்த்ததும், பாருங்கள், எனக்கு அவன்மேலேயே கோபம் வந்தது.

"நீ ஏண்டே வாயத் தொறக்கல்ல? சஜன் ஒனக்கு முன்னாலதானே நின்னாரு? சுகிர்தம் இடிச்சத நான் பாத்தேன். 'நானாக்கும்'ணு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ இப்பம் சார்ஜாவுல இருப்பே."

அவன் பிரஷைத் தகரத்தின் விளிம்பில் வழித்தான்.

"சொல்லத்தான் வாய் எடுத்தேன் அண்ணா. ஆனா சீட்டு எழுதிக் குடுத்தது அண்ணனாக்கும்ணு போதகருக்குத் தெரியும். 'நான் விரும்பல்லேண்ணு ஆரு சொன்னா'ண்ணு நான் அங்க வச்சுக் கேட்டா, அண்ணன் ஆண்டவருக்கு முன்னால பொய் எழுதிக் குடுத்ததா ஆவும்லா? சபை மொத்தமும் நின்னுது. அண்ணனுக்க பேரு போவும்."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைச் சொல்லக்கூட அவன் எனக்கு இடம் வைக்கவில்லை. அவன் கண்ணாடி நாரில் ஒரு துண்டை வெட்டி, தொட்டியின் வளைவில் வைத்து, விரலால் காற்றை நீவி வெளியே தள்ளினான்.

"ரெசின்ல மருந்து கலந்தாச்சு, இப்பம் கட்டியாவும்," என்றான். "கொஞ்சம் மாறி நில்லுங்க அண்ணா, வெளிச்சம் மறைக்குது."

நான் மாறி நின்றேன்.